கையைக் கட்டிக்கொண்டு சொல்லிக்கொடுக்க முடியுமா?

சர்ஜரியை ஆன்லைனில் கற்றுக்கொள்ள முடியுமா என்று யாராவது கேட்டால், முடியாது என்றுதான் சொல்வேன். திசுவை எவ்வளவு இழுத்தால் கிழியும், முடிச்சு எந்த இறுக்கத்தில் நிற்கும் என்பதையெல்லாம் தியேட்டரில் நின்று, கை பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் சர்ஜரி சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதை ஆன்லைனில் பயிற்றுவிக்க முடியுமா என்பது வேறு கேள்வி. தாராளமாக முடியும். சில விஷயங்களில் நேரடிப் பயிற்சி முகாமைவிடத் திரை வழியாக நன்றாகவே நடக்கிறது. சர்ஜரி ஆசிரியர்களுக்கான அப்படியொரு இணையவழிப் பயிற்சியை நடத்தும் குழுவில் நானும் இருக்கிறேன். அங்கே பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

ஏன் நன்றாக நடக்கிறது? சர்ஜன்கள் கையால் பேசிப் பழகியவர்கள். பி.ஜி., அதாவது மேற்படிப்பு மாணவர், ஒரு இடத்தில் திணறினால், சீஃப் வாய் திறப்பதற்குள் அவர் கை நீண்டுவிடும். இன்ஸ்ட்ருமென்ட் கை மாறும், சிக்கல் தீரும், கேஸ் முடியும். பி.ஜி. பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். சொல்லிக்கொடுத்துவிட்டோம் என்று சீஃப் மனசார நம்புவார். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு கையை நீட்ட வழியில்லை. அடுத்தவருக்குப் புரிகிற மாதிரி வாயால் சொல்லியே ஆக வேண்டும். சர்ஜரி ஆசிரியர்களுக்குப் பெரும்பாலும் பழக்கமில்லாதது அந்த ஒன்றுதான்.

எங்கள் முதல் பாடத்தையே சொல்கிறேன். பங்கேற்கும் ஒவ்வொருவரும், தாங்கள் ஒரு பி.ஜி.க்கு ஆபரேஷன் சொல்லிக்கொடுக்கும்போது பதிவான நான்கு நிமிட வீடியோ ஒன்றை அனுப்ப வேண்டும். லேப்ராஸ்கோப்பி என்றால் சுலபம். கேமராதான் ஏற்கெனவே வயிற்றுக்குள் இருக்கிறதே, கூடவே ஒரு சின்ன மைக் போதும். நோயாளியிடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும், பேரோ முகமோ ஐ.பி. நம்பரோ எங்கேயும் வரக்கூடாது. இதில் மட்டும் நாங்கள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

வகுப்பில் முதலில் படத்தை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் ஓடவிடுவோம். ஒரு பித்தப்பை ஆபரேஷனின் ஒலி இப்படி இருந்தது:

"இங்க பிடி. இங்க இல்லப்பா, அங்க. ம்ம்... கொஞ்சம் மேல. மேலன்னா அவ்ளோ மேல இல்ல. ஆங், அப்படித்தான். இப்ப விடு. விடாத, விடாத! இப்படிக் கொண்டா... சரி குடு, நான் காட்டறேன்."

இது எந்த ஆபரேஷன், எந்தக் கட்டம், பி.ஜி.யின் கையில் என்ன இருக்கிறது என்று மற்றவர்களைக் கேட்போம். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் எல்லாருமே அனுபவமுள்ள சர்ஜன்கள். பதில் வராது. அனுப்பியவரே தன் குரலைக் கேட்டுவிட்டு, "இது நான்தானா?" என்பார். அப்புறம் படத்தோடு சேர்த்துப் போடுவோம். அப்போதுதான் ஒவ்வொரு சொல்லும் பி.ஜி.யை எப்படிக் குழப்பியிருக்கும் என்று தெரியும். 'மேல' என்கிற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் தலைப்பக்கமா, வயிற்றுச் சுவரின் பக்கமா, மானிட்டரின் மேல்விளிம்பா? லேப்ராஸ்கோப்பியில் இன்ஸ்ட்ருமென்ட் வயிற்றுச் சுவரில் ஒரே புள்ளியில் ஊன்றித் திரும்புகிறது. கைப்பிடியைக் கீழே அழுத்தினால் உள்ளே நுனி மேலே போகும். ஆக, 'மேல' என்றால் கையை மேலே தூக்குவதா, நுனியை மேலே கொண்டுபோவதா என்ற நாலாவது சந்தேகமும் அந்தப் பிள்ளைக்கு இருந்திருக்கும். இத்தனையையும் மனசுக்குள் தீர்த்துக்கொண்டு ஒரு நொடிக்குள் கையை அசைக்க வேண்டும். தவறாக அசைத்தால் சத்தம் வேறு.

இந்தப் பாடம் முடிந்ததும் ஒவ்வொரு குழுவும் தங்களுக்குள் ஒரு பேச்சு ஒழுங்கை வகுத்துக்கொள்ளும். தலைப்பக்கம், கால்பக்கம், சுவர்ப்பக்கம் என்று உடம்பை வைத்துச் சொல்லலாம். மானிட்டரைக் கடிகார முகமாக வைத்துக்கொண்டு 'பத்து மணிப் பக்கம் இழு' எனலாம். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் கேஸ் ஆரம்பிக்கும் முன்பே பி.ஜி.க்கும் அது தெரிந்திருக்க வேண்டும். 'நிறுத்து' என்ற சொல்லுக்கு எல்லாருக்கும் ஒரே பொருள்: நுனி அசையக்கூடாது, எதையும் விடக்கூடாது, வெளியே இழுக்கவும் கூடாது. இப்படி முன்பே பேசிவைப்பதற்கு முன்மாதிரி உண்டு. இங்கிலாந்தில் பெருங்குடல் லேப்ராஸ்கோப்பி சர்ஜரியைப் பரப்புவதற்காக லேப்கோ என்ற தேசியத் திட்டம் நடந்தது. ஏற்கெனவே தேர்ந்த சர்ஜன்களுக்கே சொல்லிக்கொடுக்கும் முறையைக் கற்பிக்கத் தனி வகுப்பு வைத்தார்கள். கேஸுக்கு முன் பேசி முடிவுசெய்வது, கேஸின்போது உரையாடுவது, முடிந்தபின் உட்கார்ந்து பேசுவது என்று மூன்று பகுதி அதற்கு. நம் ஊரில் நடுப்பகுதி மட்டும் ஏதோ நடக்கிறது. முன்னும் பின்னும் காபி குடிக்கப் போய்விடுகிறோம்.

நன்றாகச் செய்யத் தெரிந்தவர்களுக்கு ஏன் சொல்ல வராமல் போகிறது? திறமைக் குறைவால் இல்லை. திறமை கூடுவதால்தான். ஃபிட்ஸ், போஸ்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1967-இல் கைத்திறன் மூன்று கட்டங்களாக வளர்கிறது என்று எழுதினார்கள். முதலில் யோசித்து யோசித்துச் செய்வோம். பிறகு அசைவுகள் கோவையாக இணையும். கடைசியில் யோசிக்காமலே கை செய்யும். அந்த மூன்றாம் கட்டத்துக்குப் போனவருக்கு, தான் எடுக்கிற முடிவுகள் தனக்கே தெரிவதில்லை. தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் கிளார்க்கும் அவருடன் சேர்ந்த சர்ஜன்களும் இதை அளந்து பார்த்தவர்கள். நிபுணர் ஒருவர் ஒரு செய்முறையை விவரிக்கும்போது, கற்பவருக்குத் தேவையானதில் 70 சதவீதம் வரை தன்னை அறியாமல் விட்டுவிடுகிறார் என்பது அவர்கள் கண்டது. குறிப்பாக விட்டுப்போவது, எப்போது எதைத் தேர்ந்தெடுப்பது என்ற தீர்மானங்கள். கத்தியை எப்படிப் பிடிப்பது என்பதைச் சொல்லிவிடுவோம். எந்த அறிகுறியைப் பார்த்து வெட்டாமல் நின்றோம் என்பது விட்டுப்போகும்.

பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889-இல் திறந்தது. அங்கேதான் வில்லியம் ஹால்ஸ்டெட் இன்றைய ரெசிடென்சி முறைக்கு அடித்தளம் போட்டார். ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைச் சொல்லிக்கொடு என்ற வழக்கையும் அவர் பேரோடு சேர்த்துச் சொல்வார்கள். செய்யத் தெரிந்தால் சொல்லிக்கொடுக்கவும் தெரிந்துவிடும் என்பது அதில் ஒளிந்திருக்கும் நம்பிக்கை. நூறு வருஷத்துக்கும் மேல் அதை நம்பிவிட்டோம்.

மௌனமாகக் கையில் இருந்த அறிவைச் சொல்லாக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பித்தப்பை ஆபரேஷனிலேயே இருக்கிறது. லேப்ராஸ்கோப்பி வந்த புதிதில், பித்தப்பைக் குழாய் என்று நினைத்துப் பொதுப் பித்தநாளத்தையே வெட்டிவிடும் விபத்துகள் பெருகின. 'கவனமாகப் பிரித்தெடு' என்றுதான் எல்லா ஆசிரியரும் சொன்னார்கள். எது கவனம்? 1995-இல் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் அதை மூன்று நிபந்தனையாக்கினார். கேலட் முக்கோணத்தில் கொழுப்பும் நாரும் நீங்கியிருக்க வேண்டும். பித்தப்பையின் கீழ்ப்பகுதி கல்லீரல் படுகையிலிருந்து பிரிந்து, படுகை தெரிய வேண்டும். பித்தப்பைக்குள் போவது இரண்டே இரண்டு அமைப்புகள்தான் என்று கண்ணால் காண வேண்டும். மூன்றும் தெரியாமல் கிளிப் போடாதே. இனி ஒரு பி.ஜி.யிடம், "மூணும் தெரியுதா? ஒவ்வொண்ணா காட்டு" என்று கேட்கலாம். அவரும் காட்டலாம், அல்லது "ரெண்டாவது தெரியல சார்" என்று தைரியமாகச் சொல்லலாம். வாயால் சொல்ல முடிந்ததும், கேட்கவும் சோதிக்கவும் முடிகிறது. எங்கள் பயிற்சியில் ஒவ்வொருவரும் தாங்கள் அடிக்கடி செய்யும் ஒரு கேஸில் ஒரு கட்டத்தை எடுத்து, இதே மாதிரி நிபந்தனைகளாக எழுத வேண்டும். ஹெர்னியா பை எங்கே முடிகிறது என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்? குடலை இணைக்கும் முன் நுனிக்கு ரத்தம் வருகிறது என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? முதல் வரைவு எல்லாருக்கும் மூன்று வரிதான் வரும். எங்கள் குழுவில் ஒரு கல்வியியல் பேராசிரியர் இருக்கிறார், மருத்துவர் இல்லை. அவர் "ஏன்? எப்படித் தெரியும்? தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுக் கேட்டே மூன்று வரியை ஒரு பக்கம் ஆக்கிவிடுவார். ஒரு சர்ஜன் வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டிருக்கும் கேள்விகள் அவை.

மருத்துவர் அல்லாத ஒருவரைச் சேர்ப்பது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு சர்ஜன் 1976-இல் நெப்ராஸ்காவில் தானே ஓட்டிய சிறு விமானம் விழுந்து மனைவியை இழந்தார், குழந்தைகள் படுகாயமடைந்தார்கள். உள்ளூரில் கிடைத்த அவசர சிகிச்சையின் நிலையைக் கண்டு அவரும் நண்பர்களும் தொடங்கியதுதான் ஏ.டி.எல்.எஸ். என்ற விபத்துச் சிகிச்சைப் பயிற்சி. 1978-இல் முதல் வகுப்பு, 1980-இல் அமெரிக்க சர்ஜன்கள் கல்லூரி அதைத் தன் பயிற்சியாக எடுத்துக்கொண்டது. அதில் எனக்கு மரியாதை வருவது ஒரு விதியில்: எவ்வளவு பெரிய சர்ஜனாக இருந்தாலும் ஆசிரியர் பயிற்சியைத் தனியாக முடித்துத்தான் அங்கே வகுப்பெடுக்க முடியும். அந்த ஆசிரியர் பயிற்சியில் கல்வியியல் தெரிந்த ஒருவருக்குத் தனி இடம் உண்டு.

அடுத்து முடிச்சுப் பாடம். இருவர் இருவராகப் பிரித்துத் தனி அறைகளுக்கு அனுப்புவோம். ஒருவர் நாற்காலிக் கையில் நூலைக் கட்டிவைத்திருப்பார், கேமரா அவர் விரல்களின் மேல். மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு, ஒற்றைக்கை முடிச்சை வாயாலேயே போடவைக்க வேண்டும். நூல் பிடித்திருப்பவருக்கும் முடிச்சுப் போடத் தெரியும்தான். ஆனால் சொன்னதை மட்டும், சொன்னபடி மட்டும் செய்ய வேண்டும் என்பது விதி. "நூலை ஆள்காட்டி விரல்ல சுத்துங்க" என்றதும் அவர் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, "அப்புறம் சார்?" என்பார். எந்த விரல், எந்த மூட்டு, உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கிறது, எந்தக் கை நூலை இறுக்கமாக வைத்திருக்கிறது, இவ்வளவும் சொன்னால்தான் முடிச்சு விழும். தியேட்டரில் இருபது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுகிறவர்கள், தங்கள் விரல் என்ன செய்கிறது என்று முதல்முறையாகக் குனிந்து பார்ப்பது இந்தப் பாடத்தில்தான்.

இந்த இடத்தில் பெய்ட்டனைச் சொல்லியாக வேண்டும். ராட்னி பெய்ட்டன் என்ற பிரிட்டிஷ் சர்ஜன் 1998-இல் கைத்திறன் கற்பிக்க நான்கு படிகளை வகுத்தார். முதலில் ஆசிரியர் பேசாமல் இயல்பான வேகத்தில் செய்துகாட்டுவார். இரண்டாவது, மெதுவாக, ஒவ்வொரு அசைவையும் விளக்கிக்கொண்டே செய்வார். மூன்றாவதில் மாணவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வார். நாலாவதில்தான் மாணவர் தானே சொல்லிக்கொண்டு தானே செய்வார். அவசரக் கேஸ் நெருக்கடியில் நாம் தாண்டிப் போவது மூன்றாவது படியை. ஆனால் மாணவர் மனசில் என்ன பதிந்திருக்கிறது என்று நோயாளியின் உடம்பைத் தொடாமலே தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. மாணவர் தப்பாகச் சொன்னால் ஆசிரியர் கை நின்றுவிடும். ஏன் நின்றது என்று மாணவர் யோசிப்பார். எங்கள் ஆசிரியர்கள் தங்கள் பி.ஜி.யோடு இதை ஸ்கின் பேடில் செய்து அனுப்பும் வீடியோக்களைப் பார்க்கவே எனக்கு ஆசையாக இருக்கும். பி.ஜி.க்கு முதலில் கூச்சம், சீஃபுக்கு உத்தரவு போடுவதா என்று. ரெண்டாவது தடவையில், "சார், இன்னும் கொஞ்சம் ஆழமா எடுங்க" என்கிறார்கள்.

இன்னொரு பாடம், நோயாளி விழித்திருக்கும் கேஸ்கள். ஸ்பைனல் கொடுத்துச் செய்யும் ஹெர்னியா, மரக்கவைக்கும் ஊசி போட்டுச் செய்யும் கட்டி, கண்புரை. திரைத்துணிக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். "அய்யோ, என்னப்பா பண்ற?" என்ற ஒரு வாக்கியம் அவருக்கு எப்படி இருக்கும்? இங்கிலீஷில் சொன்னால் புரியாது என்று யாரும் நினைக்கவேண்டாம். 'பிளீடிங்' என்ற சொல் தெரியாத ஆள் இன்று கிராமத்தில்கூட இல்லை. கண் மருத்துவர்கள் இதில் நமக்கு மூத்தவர்கள். உலகக் கண் மருத்துவக் கழகத்தின் மதிப்பீட்டுத் தாள் கண்புரை ஆபரேஷனைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கத்துக்குட்டி எப்படிச் செய்வார், தேர்ந்தவர் எப்படிச் செய்வார் என்று எழுத்தில் வைத்திருக்கிறது. அப்படி எழுதியதைக் கேஸுக்கு முன்பே சேர்ந்து படித்துவிட்டால், உள்ளே பேச வேண்டியது வெகுவாகக் குறையும். "மூணாவது கட்டம், கொஞ்சம் நிதானம்" என்றால் போதும். நோயாளிக்குப் பதற்றம் இல்லை, பி.ஜி.க்கு அவமானம் இல்லை.

இதெல்லாம் யாருக்காக? பெரிய ஊர் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்களுக்கு மட்டும் இல்லை. மாவட்ட ரெசிடென்சி என்று 2020-இல் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. மருத்துவ மேற்படிப்பு மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும். நல்ல திட்டம், மனசார வரவேற்கிறேன். ஆனால் அங்கே வருஷக்கணக்காகக் கேஸ் பார்த்துக்கொண்டிருந்த சர்ஜன் ஒரே நாளில் ஆசிரியரும் ஆகிவிட்டார். அவரை மூன்று நாள் பயிற்சி முகாமுக்குச் சென்னைக்கோ டெல்லிக்கோ கூப்பிட்டால், அந்த மூன்று நாளும் அங்கே கேஸ்கள் தள்ளிப்போகும். இரவு எட்டரைக்கு மேல், ரவுண்ட்ஸ் முடித்து வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறப்பது அவரால் முடியும். சர்ஜரி ஆசிரியர்களின் தேவை உலகம் முழுக்க இருக்கிறது. லான்செட்டின் உலக அறுவை சிகிச்சை ஆணையம் 2015-இல் போட்ட கணக்குப்படி, பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை எட்டாத மக்கள் 500 கோடி. வருஷத்துக்கு இன்னும் 14.3 கோடி ஆபரேஷன்கள் கூடுதலாக நடந்தாக வேண்டும். அதற்கான சர்ஜன்களை உருவாக்க, அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆட்கள் வேண்டும். அவர்கள் எல்லாரும் இப்போது எங்கோ ஒரு மாவட்ட மருத்துவமனையில் கேஸ் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆன்லைன் என்றதும் நம் மருத்துவ ஆசிரியர்களுக்கு மனசில் வருவது ஒரு குறிப்பிட்ட வடிவம். ஐ.சி.எம்.ஆரின் சென்னை நிறுவனம் என்பிடெல் வழியாக நடத்தும் ஆராய்ச்சி அடிப்படைப் படிப்பை நிறையப் பேர் முடித்திருப்பார்கள். வீடியோ விரிவுரை, கொள்குறி வினா, தேர்வு, சான்றிதழ். ஆராய்ச்சி முறையியலுக்கு அது பொருத்தம்தான். சொல்லிக்கொடுக்கக் கற்பதற்கு அந்த வடிவம் உதவாது. பெய்ட்டனின் நான்கு படிகள் யாவை என்ற கேள்விக்குச் சரியான விடையை டிக் அடித்துவிட்டு, மறுநாள் தியேட்டரில் "குடு, நான் காட்டறேன்" என்பது ரொம்ப சுலபம். விரிவுரையை நாங்கள் எட்டு நிமிடத்துக்கு மேல் வைப்பதில்லை. மீதி நேரம் முழுக்க அவரவர் வீடியோதான்.

அதில் எல்லாருக்கும் பிடித்தது நிறுத்தற்பாடம். பி.ஜி. செய்யும் ஒரு வீடியோ ஓடும். "இந்த நொடியில் நான் இன்ஸ்ட்ருமென்டை வாங்கிவிடுவேன்" என்று தோன்றுகிற இடத்தில் ஒவ்வொருவரும் நேரத்தைக் குறித்துத் தனியாக அனுப்ப வேண்டும். அப்புறம் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுவோம். ஒருவர் முதல் நிமிடத்திலேயே வாங்கியிருப்பார், இன்னொருவர் கடைசிவரை வாங்கியிருக்க மாட்டார். ரத்தம் வந்ததாலா, நேரம் ஆனதாலா, தனக்குப் பொறுமை போனதாலா? ரத்தம் என்றால் கேள்வியே இல்லை, நோயாளிதான் முதலில். மற்ற இரண்டில்தான் பேச்சு நீளும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றாலும், வாங்குவதற்கு முன் 'நிறுத்து' சொல்லி, "உனக்கு இப்ப என்ன தெரியுது?" என்று ஒரு கேள்வி கேட்க நேரம் இருந்ததா என்று அந்த நொடிக்குத் திரும்பிப் போய்ப் பார்ப்போம். பெரும்பாலும் இருந்திருக்கும்.

சிக்கல் இல்லாமல் இல்லை. ஒரே குழுவில் துறைத்தலைவரும் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியரும் இருந்தால், தலைவர் வீடியோவுக்கு எல்லாரும் "எக்ஸலன்ட் சார்" என்று போட்டுவிட்டுப் போவார்கள். அதனால் மற்றவர் கருத்தைப் பார்க்கும் முன் தன் கருத்தை எழுதி அனுப்பிவிட வேண்டும் என்று வைத்தோம். அதிலும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில்: இந்த நான்கு நிமிடத்தில் பி.ஜி. எத்தனை தடவை வாய் திறந்தார், எதற்காக? இதில் பாராட்டவும் இடமில்லை, குறைசொல்லவும் இடமில்லை. எண்ணிச் சொன்னால் போதும். ஒருமுறை ஒரு மூத்த பேராசிரியரின் வீடியோவுக்கு எல்லாரும் எழுதிய விடை 'ஒரு தடவையும் இல்லை' என்று வந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அடுத்த வாரம் இதே கேஸ் இருக்கு. திரும்ப அனுப்பட்டுமா?" என்று கேட்டார். அனுப்பினார். அதில் அந்தப் பி.ஜி. பேசிக்கொண்டே இருந்தார்.

பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்து அவரவர் பி.ஜி.க்களிடமே கேட்கிறோம். கேஸுக்கு முன் உன் பங்கு எது என்று சொன்னாரா? இன்ஸ்ட்ருமென்டை வாங்கியபோது காரணம் சொன்னாரா? முடிந்தபின் உன்னோடு இரண்டு நிமிடம் பேசினாரா? பி.ஜி. சீஃபுக்கு மார்க் போடுவதா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. இரண்டே பி.ஜி. இருக்கும் யூனிட்டில் பேர் எழுதாவிட்டாலும் யார் சொன்னது என்று தெரிந்துவிடும் என்பதும் நியாயமான பயம். அதனால் பல மருத்துவமனைகளின் பதில்களை ஒன்றாகச் சேர்த்து, பேட்ச் மொத்தத்துக்கும்தான் முடிவைத் தருகிறோம். மூன்றாவது கேள்விக்குத்தான் 'இல்லை' அதிகம் வருகிறது. அடுத்த கேஸ் காத்திருக்கும்போது அந்த இரண்டு நிமிடத்தை எங்கிருந்து எடுப்பது? ஸ்கின் தைக்கும்போதே பேச ஆரம்பித்துவிடலாம் என்று ஒரு மாவட்ட மருத்துவமனை சர்ஜன் சொன்ன யோசனையை இப்போது எல்லாருக்கும் சொல்கிறோம்.

ஜனவரி பேட்ச்சில் மகப்பேறு மருத்துவர்களையும் சேர்க்கிறோம். சிசேரியனில் தாய் விழித்திருப்பார், நேரமும் கொஞ்சம்தான். குழந்தை வெளியே வரும்வரையிலான அந்த நிமிடங்களில் ஆசிரியர் பேச வேண்டியது எது, கேஸுக்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டியது எது என்று பிரிப்பதுதான் அவர்களுக்கு முதல் பாடம். அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம்.